அறம் காப்போருக்கு அன்னமிடுவது யார்?

பெங்களூரு நகரின் முதன்மை இரயில் நிலையத்தை விட்டு வெளியே வரும் பயணிக்கு, பேருந்துகளின் இரைச்சலுக்கும் விடுதிகளின் பெயர்ப் பலகைகளுக்கும் இடையே, ஒரு பழைய சத்திரத்தின் பெயர் தென்படும். தும்கூரு மாவட்டத்துக் குப்பி என்னும் ஊரைச் சேர்ந்த தோட்டதப்பா, பெங்களூரில் வாணிகம் செய்து பொருளீட்டியவர். இரயிலில் வந்திறங்கும் வழிப்போக்கர்கள் தங்குவதற்காக அவர் 1897-ஆம் ஆண்டில் அமைத்த தருமச் சத்திரம் அது. குழந்தைப் பேறு இல்லாத அந்தத் தம்பதியரின் செல்வம் அறத்துக்கே எழுதி வைக்கப்பட்டது. 1910-இல் தோட்டதப்பா மறைந்தார்.

அவர் மறைந்த மறுநாள் காலையில் அந்தச் சத்திரத்தின் முற்றத்தைப் பெருக்கியவர் யார்? வரலாறு அந்தப் பெயரைக் குறித்து வைக்கவில்லை. ஆயினும் யாரோ ஒருவர் பெருக்கியிருக்கிறார். யாரோ தண்ணீர் இறைத்திருக்கிறார். வந்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். ஓடு உடைந்தபோது கொத்தனாரை அழைத்து வந்திருக்கிறார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வாறு நடந்து வந்திருப்பதால்தான் கொடையாளரின் பெயர் இன்றும் அந்தப் பகுதியில் வழங்குகிறது. சத்திரத்தோடு, அதற்கு நிலையான வருவாய் தரும் சொத்துகளையும் அவர் விட்டுச் சென்றார் என்பதே இதன் இரகசியம். வெறும் கட்டடத்தை மட்டும் கட்டி, திறப்பு விழா நடத்திவிட்டுச் சென்றிருந்தால் அது எப்போதோ பாழடைந்திருக்கும்.

கொடை என்பது கொடுப்பவரின் கையை விட்டு நீங்கும் கணத்தில் முடிந்துவிடுகிறதா, அல்லது அப்போதுதான் தொடங்குகிறதா? அறநூல்கள் எழுப்பும் பெரிய வினாக்களோடு ஒப்பிட்டால் இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் இந்நாட்டின் தொண்டு நிறுவனங்கள் வலுவாக நிற்பதும் தள்ளாடுவதும் இந்த வினாவுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே இருக்கின்றன.

தமிழகத்தின் பழங்காலக் கொடையாளர்கள் கொடை கொடுக்கும் முன்பே இதை எண்ணிப் பார்த்தவர்கள். சோழர் காலக் கோயில் சுவர்களில் நந்தா விளக்குக்கான கொடைகள் ஏராளமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டுமானால் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காகக் கொடையாளர் நெய்க்குடத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை வழங்கினார். கிழடும் நோயுற்றதும் கழிய, குட்டிகள் வளர்ந்து அவற்றின் இடத்தை நிரப்ப, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அதற்கு அழகிய பெயர். தனித்தனி ஆடுகள் மூப்படையும், மடியும். மந்தைக்கு மூப்புமில்லை, சாவுமில்லை.

அந்த மந்தை ஓர் இடையனின் பொறுப்பில் விடப்பட்டது. அவன் அளக்க வேண்டிய நெய்யின் அளவு கல்லில் எழுதப்பட்டது. அதை அளந்தது போக மிஞ்சிய பாலும் பெருகிய குட்டிகளும் அவனது வாழ்வுக்கு ஆதாரமாயின. ஆடுகளின் பயன் முழுவதும் விளக்குக்கே போய்ச் சேர வேண்டும், இடையன் அதில் ஒரு துளியும் தொடக்கூடாது என்று எந்தக் கொடையாளரும் விதித்ததாகத் தெரியவில்லை. விதித்திருந்தால் இடையன் பட்டினி கிடப்பான். அடுத்த மாதம் விளக்கும் அணைந்திருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் இன்னும் ஒரு படி மேலே சென்றான். ஆடல் மகளிர் 400 பேருக்கு வீடும், பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் அளித்ததைக் கூறும் கல்வெட்டு, அதே வரிசையில் விளக்கு ஏற்றுவோர், நீர் தெளிப்போர், தையற்காரர், வண்ணார், நாவிதர், கணக்கர் ஆகியோருக்கான பங்குகளையும் கூறுகிறது. இன்றைய மொழியில் ‘நிர்வாகச் செலவு’ என்று சற்றே முகம் சுளித்துச் சொல்லப்படுவதை அந்த மன்னன் கோயிற் சுவரிலேயே பெருமையோடு வெட்டி வைத்தான்.

இன்றைய நிலை என்ன? ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நூறு ரூபாய் கொடுக்க முன்வரும் நல்லுள்ளம் படைத்த ஒருவர் முதலில் கேட்பது, ‘இதில் எத்தனை ரூபாய் குழந்தைக்குப் போகும்?’ என்பதே. நூறும் போகும் என்று சொல்லும் நிறுவனம் அவர் மனத்தில் உயர்கிறது. எண்பது போகும், இருபது அலுவலகச் செலவு என்று உண்மையைச் சொல்லும் நிறுவனம் ஒரு படி தாழ்கிறது. அரிசிக்குக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்; சமைப்பவரின் ஊதியத்துக்குக் கொடுக்க ஆள் அரிது; கணக்கெழுதுபவரின் ஊதியத்துக்குக் கொடுப்பவர் அதனினும் அரிது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் நியாயமான அச்சம் ஒன்று உண்டு. அறத்தின் பெயரால் ஏமாற்றுவோர் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பாத்திரமறிந்து பிச்சையிடு என்று நம் முன்னோர் எச்சரித்ததும் அதனாலேயே. ஆனால் அச்சத்தோடு நுட்பமான வேறொன்றும் அங்கே கலந்திருக்கிறது. தாம் கொடுத்த ரூபாய் ஒரு குழந்தையின் தட்டில் சோறாக, ஒரு நோயாளியின் கையில் மருந்தாக மாறுவதைத் தம் மனக்கண்ணில் காண வேண்டும் என்று கொடையாளர் விரும்புகிறார். அது மின் கட்டணமாகவோ ஓட்டுநரின் சம்பளமாகவோ மாறினால் அவருக்கு நிறைவு கிட்டுவதில்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கும்போது, பயனை எதிர்பார்த்து அளிப்பதை இராஜச தானம் என்கிறது. பயன் என்றால் பணமும் புகழும் மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. ‘என் பணம்தான் அந்தச் சோறு’ என்ற மன நிறைவும் ஒரு பயனே. கூலி வாங்காமல் கொடுத்ததாக எண்ணும் ஒருவர், இந்த இனிய காட்சியைத் தம் கூலியாகக் கேட்டுப் பெறுகிறார்.

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்றோர் அதிகாரமும் அதையடுத்து ஈகை என்றோர் அதிகாரமும் அமைத்திருப்பது இங்கே நினைக்கத் தக்கது. வறியவர் வந்து கை நீட்டும்போது அளிப்பது ஈகை. ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகள் வேறு வகையானவை: ஊரார் உண்ணும் நீர்நிலை, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகும் மரம். மூன்றுமே ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை. மழை இல்லாத நாளிலும் நீர் இருக்கும். நோய் வருவதற்கு முன்பே மரம் வளர்ந்திருக்கும். இன்றைய தொண்டு நிறுவனங்கள் செய்ய வேண்டியது இந்த ஒப்புரவுப் பணியையே. குளத்துக்கும் காவல் வேண்டும். கன்னட நாட்டுக் கிராமங்களில் ஏரியின் மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்டவர் நீருகண்டி எனப்பட்டார். விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு தானியம் உண்டு. அந்தப் பங்கைக் கொடுக்க மறந்த தலைமுறைகளில் ஏரிகள் தூர்ந்து போயின. ஏரிகளால் வாழ்ந்த பெங்களூருக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

2020 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, பெங்களூரில் கட்டடப் பணிகளுக்கு வந்திருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஒரே இரவில் வேலையும் கூலியும் இழந்தனர். உணவு அளிக்க மனமிருந்தவர்கள் பலர். பல்லாயிரம் பேருக்குச் சமைக்கும் அடுப்பும், வாகனமும், பழகிய ஆட்களும் உடையவர்கள் சிலரே. அவர்களுள் அட்சய பாத்திரம் அமைப்பும் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் பெங்களூரின் ஐந்து அரசுப் பள்ளிகளில் 1,500 குழந்தைகளுக்கு மதிய உணவு அளிக்கத் தொடங்கிய அப்பணி, இன்று பல மாநிலங்களில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சென்றடைகிறது. அரசு அளிக்கும் தானியமும் நிதியும், நன்கொடையாளர் அளிக்கும் பொருளும் அங்கே சேர்ந்து இயங்குகின்றன. இருபது ஆண்டுகளாகச் சமையற்கூடங்களை நடத்திப் பழகியதால், நெருக்கடி வந்தபோது அந்த அடுப்புகள் வேறோர் பசிக்கும் பயன்பட்டன. அடுப்பைக் கட்டியபோதோ, அதைப் பராமரித்தபோதோ, இப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் அறிந்திருக்கவில்லை. பசித்தவர் வந்த பின் அடுப்புக்குச் செங்கல் தேட முடியாது.

அந்த அமைப்பின் பெயரைத் தந்த பாரதக் கதையிலேயே ஒரு நுட்பம் பொதிந்துள்ளது. சூரியன் தருமபுத்திரருக்கு அளித்த பாத்திரம் அள்ள அள்ளக் குறையாதது. ஆனால் திரௌபதி உண்ணும் வரைதான். எல்லோருக்கும் இட்டு முடித்த பின், கடைசியாக அவள் உண்பாள். அத்துடன் அன்றைய பாத்திரம் ஒழியும். துருவாசர் வந்த கதையில் சிக்கல் எழுவதே அதனால்தான். கதை கேட்போர் அவளது பொறுமையை வியப்பார்கள். பரிமாறுபவள் கடைசியில் உண்டாள் என்பதோடு, அவள் உண்டாள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவளுக்குரிய பங்கு அந்தப் பாத்திரத்திலேயே இருந்தது.

பெங்களூரின் மாரத்தஹள்ளிப் பகுதியில் கருணாஸ்ரயா என்னும் இல்லம் 1999 முதல் இயங்கி வருகிறது. குணப்படுத்த இயலாத நிலையை அடைந்துவிட்ட புற்றுநோயாளிகளுக்கு வலி தணித்து, புண் கழுவி, இறுதி நாட்களில் கண்ணியத்தோடு துணை நிற்கும் இடம் அது. நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ கட்டணம் பெறுவதில்லை. இத்தகைய இல்லத்தில் ‘சேவைக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு?’ என்ற கேள்வி பொருளற்றுப் போகிறது. அங்கே காட்டுவதற்கு வெற்றிக் கதைகள் இல்லை. குணமாகி வீடு திரும்பியவரின் புகைப்படம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் முனகும்போது எழுந்து சென்று, படுக்கையில் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, உதட்டை நனைத்து, கையைப் பிடித்துக் கொண்டிருக்கும் செவிலியே அங்கே சேவை. அவரது ஊதியம்தான் அந்த நோயாளிக்கு அளிக்கப்படும் கொடை. அதைக் குறைத்து மருந்தைப் பெருக்க முடியாது. மாதக் கடைசியில் வீட்டு வாடகை கட்ட இயலாமல் அந்தப் பெண் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டால், மருந்து அலமாரி நிறைந்திருந்தும் அந்த இரவு வெறுமையாகவே கழியும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். தொண்டு என்பது பலன் கருதாதது. சேவைக்கு ஊதியம் பேசுவது அதன் தூய்மையைக் குலைக்காதா? துறவியர் ஊதியம் பெறுவதில்லை. ஓய்வு பெற்ற பெரியவர்கள் எத்தனையோ பேர் ஒரு காசும் வாங்காமல் உழைக்கிறார்கள். இது உண்மை; அவர்கள் வணங்கத் தக்கவர்கள். எனினும் துறப்பவர் தமக்குரியதைத் துறக்கிறார். பிறருக்குரிய கூலியைத் துறக்க எவருக்கும் உரிமை இல்லை. துறவிக்கு அவரது மடம் அன்னமும் ஆடையும் நோயில் மருந்தும் அளிக்கிறது. கிராமத்திலிருந்து வந்து, தம்பியின் படிப்புக்கும் தாயின் மருத்துவத்துக்கும் பொறுப்பேற்று, ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆசிரியையாகப் பணிபுரியும் பெண்ணுக்கு அத்தகைய மடம் எதுவும் இல்லை. மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பெங்களூரில் வாடகையும் பேருந்துக் கட்டணமும் அவருக்கு மட்டும் குறைவதில்லை. அவரிடம் ‘சேவை மனப்பான்மை’யை எதிர்பார்த்துப் பாதி ஊதியம் கொடுப்பது, அவருடைய தியாகத்தை வைத்துக் கொடையாளர் புண்ணியம் தேடுவதாகும்.

அப்படியானால் ஏமாற்றப்படும் அச்சத்துக்கு விடை என்ன? உத்தரமேரூர்க் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்த விதிகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது பற்றியவை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக் கூடாது. செலவே செய்யாதவரை அந்தச் சபை தேடவில்லை. செலவுக்குக் கணக்குக் காட்டுபவரைத் தேடியது.

கணக்கு என்பதும் இலவசமாகக் கிடைப்பதன்று. அதை எழுத ஒருவர் வேண்டும். சரிபார்க்கத் தணிக்கையாளர் வேண்டும். பயன் விளைந்ததா என்று கிராமம் கிராமமாகச் சென்று பார்த்து வர ஆள் வேண்டும். இவை அனைத்தும் நிர்வாகச் செலவு என்ற தலைப்பில்தான் எழுதப்படும். வெளிப்படையான கணக்கு வேண்டும், ஆனால் நிர்வாகச் செலவு கூடாது என்று கேட்பவர், திரியில்லாத விளக்கை எரியச் சொல்கிறார். இதன் விளைவாக நேர்மையான நிறுவனங்களும் ஒரு பொய்க்குப் பழகிவிடுகின்றன. அலுவலக வாடகையைப் பயிற்சிச் செலவில் மறைக்கின்றன. கணக்காளரைக் களப்பணியாளர் என்று எழுதுகின்றன. அறம் செய்யப் புறப்பட்டவரைப் பொய் சொல்லத் தூண்டுவது எத்தகைய கொடை?

சட்டமும் இதில் சிந்திக்க இடம் தருகிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்த விதியால் அறப்பணிக்குப் புதிய ஊற்று ஒன்று திறந்தது. இதற்கென ஒரு நிறுவனம் தன் சொந்த அலுவலகத்தில் செய்யும் நிர்வாகச் செலவு, அந்த ஆண்டு சமூகப் பணிக்குச் செலவிடுவதில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி உண்டு. நிறுவனத்துக்கு இடப்பட்ட இந்த வரம்பைத் தொண்டு அமைப்புகளுக்கும் பொருந்துவதாகக் கொண்டு, அவற்றின் தலைமீது ஏற்றி வைக்கும் வழக்கம் பரவியிருப்பது வருந்தத் தக்கது. வெளிநாட்டு நன்கொடையைப் பொறுத்தவரை, 2020-இல் செய்யப்பட்ட திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெற்ற நிதியை ஓர் அமைப்பு வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடுத்தது. கண்காணிப்பு அரசின் கடமை, அதில் மறுப்பில்லை. ஆயினும் ஆங்கில அறிக்கை எழுதத் தெரியாத, பெரிய அமைப்புகளின் வழியாகவே நிதி பெற்றுவந்த சிற்றூர்த் தொண்டர் குழுக்களுக்கு அந்த வழி அடைபட்டது. அவர்களை இனித் தாங்க வேண்டியது உள்நாட்டுக் கொடையே.

உள்நாட்டில் செல்வம் இல்லாமல் இல்லை. பெங்களூரின் அடையாளமாக நிற்கும் செந்நிறக் கட்டடமான அட்டாரா கச்சேரி, இன்றைய உயர் நீதிமன்றம், 1868-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டும் பணியை ஏற்றவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873-இல் தண்டுப் பகுதியின் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்வி அறம் இன்றும் அவர் பெயராலேயே பள்ளிகளை நடத்துகிறது. 1898-இல் ஜாம்ஷெட்ஜி டாடா, சுவாமி விவேகானந்தருக்கு எழுதிய கடிதத்தில், இந்நாட்டின் துறவு மனப்பான்மையை அறிவியல் ஆய்வின் பக்கம் திருப்புவது பற்றிப் பேசினார். அந்தக் கனவு 1909-இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமாக உருப்பெற்றது. டாடா 1904-இலேயே மறைந்துவிட்டார். அவர் ஒதுக்கிய பம்பாய்ச் சொத்துகளின் வருவாயும், மைசூர் அரசு அளித்த சுமார் 371 ஏக்கர் நிலமும், நிதியும் சேர்ந்து அதை எழுப்பின. 2019 மார்ச்சில் அசீம் பிரேம்ஜி, விப்ரோ நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளில் மேலும் ஒரு பெரும் பகுதியின் பயனை அறப்பணிக்கு ஒதுக்கினார். அதனுடன் அந்நிறுவனத்தின் 67 சதவீதப் பங்குகளின் பொருளாதாரப் பயன் முழுவதும் அவர் அறக்கட்டளையின் பணிகளுக்கு உரியதாயிற்று. அன்றைய மதிப்பில் மொத்தக் கொடை ஏறத்தாழ 1,45,000 கோடி ரூபாய். அளவைப் பார்த்து மலைப்பதைக் காட்டிலும் அமைப்பைப் பார்ப்பது பயன் தரும். பங்கு அப்படியே நிற்க, அதன் ஈவு ஆண்டுதோறும் பள்ளிக் கல்விப் பணிக்கும் களப்பணியாளரின் ஊதியத்துக்கும் செல்கிறது. யாதகிரி போன்ற பின்தங்கிய மாவட்டங்களில் ஆசிரியர்களோடு ஆண்டுக்கணக்கில் தங்கிப் பணிபுரிவது அப்படித்தான் இயலுகிறது. சாவா மூவாப் பேராடு வேறொரு மேய்ச்சல் நிலத்தில் மேய்கிறது.

பெருங்கொடையாளர் சிலரே. எஞ்சியோர் மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று தம் ஊதியத்திலிருந்து எடுத்து வைப்பவர்கள். மந்தையைக் கொடுக்க இயலாதவர் ஓர் ஆட்டைக் கொடுக்கலாம். சோழர் காலத்திலும் பலர் சேர்ந்து விளக்கு வைத்ததுண்டு. 2023 டிசம்பரில் தேசியப் பங்குச் சந்தையின் சமூகப் பிரிவில் முதன்முதலாகப் பட்டியலிடப்பட்ட அமைப்பு, இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி அளிக்கும் பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை. அதன் பத்திரத்தை வாங்குபவருக்கு வட்டி இல்லை, முதலும் திரும்பாது. அவருக்குத் திரும்பி வருவது, அந்தப் பணத்தால் என்ன நடந்தது என்னும் கணக்கு ஒன்றே. பற்றின்றிக் கொடுத்து, பொறுப்போடு வினவுதல் என்ற பழைய இலட்சியத்துக்குப் பங்குச் சந்தையில் இப்படி ஓர் இடம் கிடைக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறந்தநாளுக்கு ஒரு வேளை அன்னதானம், நினைவு நாளுக்கு நோட்டுப் புத்தகம் என்று அளிப்பவை நல்லவையே, நிறுத்த வேண்டியதில்லை. அவற்றோடு, நன்கு அறிந்த ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் தவறாமல், இன்னதற்கு என்று குறிப்பிடாமல் சிறிது அளித்து, ஆண்டு முடிவில் தணிக்கை செய்த கணக்கைக் கேட்டு வாங்கிப் படிக்கும் வழக்கம் பரவ வேண்டும். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் தொண்டு நிறுவனங்களின் அலுவலகங்களில் ஓயாமல் இரசீது எழுதப்படும். அன்னதானம், கல்வி, மருத்துவம், கோசாலை என்று அச்சிடப்பட்ட வரிகளில் ஒன்றுக்கு எதிரே தொகை நிரப்பப்படும். கடைசி வரியில் ‘பொது நிதி’ என்றிருக்கும். அதன் எதிரே உள்ள கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிழிக்கப்பட்டு, கொடையாளரின் கைக்குப் போகிறது.